அச்சிட்ட படம் ஏன் கருத்துப் போகிறது?

புகைப்படம் எடுப்பவர்களோடும், எடுத்த படங்களைக் கணினியில் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவர்களோடும் பல காலமாகப் பழகி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அச்சைப் பற்றி எழுகிற புகார்களில் முதலிடம் பெறுவது, "படம் கருத்துப் போய் வந்திருக்கிறது" என்பதுதான். நிறம் சற்று மாறியிருக்கிறது என்றோ, கூர்மை போதவில்லை என்றோ வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஆயினும் அவர்கள் சிலரே. திரையில் பார்த்தபோது முகத்திலே ததும்பிய ஒளியும், துலக்கமாகத் தெரிந்த ஆடையின் மடிப்புகளும் தாளுக்கு வந்து சேர்வதற்குள் எங்கே மறைந்தன என்று கேட்டுக்கொண்டு, ஆல்பத்தை மடியில் வைத்தபடி மனம் சோர்ந்து உட்கார்ந்திருப்பவர்கள்தாம் மிகப் பலர். அந்தச் சோர்வை நான் அற்பமாகக் கருதவில்லை. கல்யாணமோ, அறுபதாம் கல்யாணமோ, குழந்தைக்குக் காது குத்திய வைபவமோ மறுபடி நடக்கப் போவதில்லை. அதன் ஞாபகமாக வீட்டில் தங்குவது அந்தத் தாள்கள்தாம்.

இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் பழி முதலில் கலர் லேபின் மீது விழுகிறது. லேப்காரர், தம் இயந்திரத்தில் குற்றமில்லை, அனுப்பிய படமே அப்படித்தான் இருந்தது என்கிறார். வீட்டில் சொந்தமாகப் பிரிண்டர் வைத்திருப்பவரோ மையை மாற்றிப் பார்த்தும், தாளை மாற்றிப் பார்த்தும் பணத்தை விரயம் செய்கிறார். லேபில் தவறு நேர்வதே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. இரசாயனம் பழையதாகிப் போனாலும், இயந்திரத்தைக் காலாகாலத்தில் சீர் செய்யாவிட்டாலும் அச்சு கெடத்தான் செய்யும். ஆனால் என் கண்ணில் பட்ட கருத்த படங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், அவற்றைத் திருத்தியவரின் மேசை மேல் இருந்த மானிட்டர் அளவுக்கு மீறிய பிரகாசத்தோடு எரிந்துகொண்டிருந்ததே என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகையால், மையையும் தாளையும் லேபையும் மாற்றுவதற்கு முன்னால், மானிட்டரின் பிரகாசத்தைக் குறைப்பது என்கிற, காலணாச் செலவில்லாத இந்த ஒரு காரியத்தைச் செய்து பார்க்கும்படி எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. மானிட்டர் தானே ஒளியை வீசுகிறது. தாளோ தன் மேல் விழுகிற ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. புதிதாக வாங்கி வந்த மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து இணைத்தவுடன், அதில் தெரியும் வெள்ளையின் ஒளிர்வு பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா வரை இருக்கும். வெளிச்சம் நிறைந்த கடையிலும் காரியாலயத்திலும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எண்ணியே அப்படி அமைக்கிறார்கள் என்பதால், தயாரித்தவர்களை அதற்காகக் குறை கூறுவதற்கில்லை. தாளின் கணக்கு வேறு. விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்புகிற நல்ல வெள்ளைத் தாள் ஒன்றை 500 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்தால், 500ஐ 0.9ஆல் பெருக்கிப் பை என்னும் மாறிலியால் வகுக்கக் கிடைக்கிற சுமார் 143 கேண்டெலாதான் அதன் ஒளிர்வு. வெளிச்சம் 300 லக்ஸாகக் குறைந்தால் அது 86 ஆகிவிடும். இரவில் ஒரே ஒரு டியூப்லைட் எரிகிற கூடத்துச் சுவரில் 150 லக்ஸ்தான் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 43தான் மிஞ்சும். 300 கேண்டெலாத் திரையையும் 100 கேண்டெலாத் தாளையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுகிறவர், புகைப்படக்காரர்களின் பாஷையில் சொல்வதானால், ஒன்றரை ஸ்டாப்புக்கும் சற்று அதிகமான வித்தியாசத்தை ஒப்பிடுகிறார். காமிராவில் ஒன்றரை ஸ்டாப் குறைவாக எடுத்த படத்தை எந்தப் புகைப்படக்காரரும் சம்மதித்து ஏற்க மாட்டார்; அதே வித்தியாசம் மானிட்டரின் பொத்தானில் ஒளிந்திருக்கும்போது மட்டும் அது எவர் கவனத்துக்கும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்றால், நம் கண்ணின் சுபாவம் அப்படி. எதிரே உள்ளவற்றில் மிக வெளிச்சமானது எதுவோ அதையே வெள்ளை என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை எல்லாம் அதற்குக் கீழே வரிசைப்படுத்திக்கொள்வது அதன் வழக்கம். அன்றியும் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், கண்ணுக்கு அது மூன்றில் ஒரு பங்காகத் தெரியாமல், பாதிக்கும் மேற்பட்டதாகவே தெரிகிறது. ஆகையால் அதிகப் பிரகாசமுள்ள திரைக்கு முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டோமானால், அதுவே இயல்பு என்று தோன்றத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் படத்தைத் திருத்த முற்படுகிறவருக்கு நிழற்பகுதிகள் எல்லாம் வெட்டவெளிச்சமாகக் காட்சி தருகின்றன. முகம் வெளுத்திருப்பதாகத் தோன்றுகிறது. உடனே எக்ஸ்போஷரைச் சற்றே கீழே இழுக்கிறார், கறுப்பைச் சற்றே ஆழப்படுத்துகிறார், படம் இப்போது மிக அழகாக அமைந்துவிட்டதென்று திருப்தியோடு அதைச் சேமித்து வைக்கிறார். மானிட்டரின் பொத்தான் கோப்பிலுள்ள ஓர் எண்ணைக்கூடத் தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தானால் ஏமாந்த கண், கையை ஏவிக் கோப்பை இருட்டாக்கிவிடுகிறது. அச்சு இயந்திரம் அந்த இருட்டை உண்மையாகவே அச்சிட்டுத் தருகிறது.

எனக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர், கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்துக்குப் போய், ஐராவதேசுவரர் கோயிலைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் இராஜராஜ சோழனால் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பிக்கப்பட்ட அந்தக் கோயிலைக் கண்டவர்களுக்குத் தெரியும்: பெரிய உருவங்களைக் காட்டிலும் சிறிய உருவங்களில்தான் சிற்பிகள் தங்கள் சித்தத்தையும் சாமர்த்தியத்தையும் செலவழித்திருக்கிறார்கள். தூண்களின் பட்டைகளிலும், நாயன்மார்களுடைய சரித்திரங்களைச் சொல்கிற அடித்தளப் பட்டிகைகளிலும், உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு முழு நாடகத்தையே செதுக்கியிருக்கிறார்கள். வெளியே வெயில், உள்ளே நிழல், நிழலுக்குள்ளே கல். அந்தக் கல்லில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடையே நுட்பமான பல படிகள் இருக்கின்றன. படம் எடுப்பவன் காப்பாற்ற வேண்டிய செல்வம் அந்தப் படிகள்தாம். இளைஞர் அதை நன்றாகவே காப்பாற்றியிருந்தார். திரையில் அவர் காட்டியபோது, இராஜகம்பீரன் திருமண்டபத்துத் தூண் ஒன்றில் நடனமாடும் சிறு உருவத்தின் விரல் நுனிகூடப் பிரிந்து தெரிந்தது. அதையே 12க்கு 18 அங்குல அளவில், பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டுக் கொண்டு வந்தபோது, விரலும் இல்லை, பாதமும் இல்லை. தூணின் கீழ்ப் பாதி முழுவதும் ஒரே கறுப்பாகக் கிடந்தது.

அவருடைய மானிட்டரின் பிரகாசம் 100 என்ற உச்ச எண்ணில் நின்றது. அறையிலோ ஒரு சிறிய விளக்குத்தான் எரிந்தது. நான் வேறொன்றும் விவாதிக்காமல், வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் அச்சுத் தாளின் வெள்ளை ஓரத்தை, அவர் வழக்கமாகப் படம் பார்க்கும் மேசை விளக்கின் வெளிச்சம் படும்படி பிடித்தேன். தாள் பழுப்பேறிய சுவரைப் போலவும், திரை ஜன்னலைப் போலவும் தெரிந்தன. பிரகாசத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தபோது, 25 என்ற எண்ணை நெருங்கிய இடத்தில் இரண்டு வெள்ளைகளும் ஏறத்தாழ ஒன்றாயின. சற்று நேரம் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தாராசுரப் படத்தைத் திறந்தார். தூணின் கீழ்ப் பாதி, அச்சில் இருந்தது போலவே, திரையிலும் கறுத்துக் கிடந்தது. அதற்கு மேல் அவருக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. நிழலை எவ்வளவு உயர்த்தினால் விரல் தெரியும், எவ்வளவுக்கு மேல் உயர்த்தினால் கல் சாம்பலாகிப் போகும் என்பதை இப்போது அவருடைய கண்ணே சொல்லிற்று. மறுபடி அச்சிட்ட பிரதி இன்று அவர் வீட்டில் இருக்கிறது. அந்த 25 என்ற எண் அவருடைய மானிட்டருக்கும் அவருடைய அறைக்கும் மட்டுமே உரியது என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்கிறேன். வேறொரு மானிட்டரில் அதே எண் வேறு ஒளியைத் தரும்.

பழி ஒரு பக்கமும் காரணம் இன்னொரு பக்கமும் இருப்பது புகைப்படத்தில்தான் நேர்கிறது என்று நினைக்க வேண்டாம். பாரிஸ் நகரத்தில் கோபலான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில், 1824 முதல் சாயத் துறைக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற இரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்ற புகார் வந்துகொண்டிருந்தது. அவர் சாயத்தைப் பரீட்சித்துப் பார்த்தார், சாயத்தில் குற்றமில்லை. அந்தக் கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவும் கண்ணை மயக்கி, கறுப்பை வெளிறச் செய்கின்றன என்று கண்டுபிடித்து, அதிலிருந்து தொடங்கி நிறங்களின் அண்டை உறவைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை 1839ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாயக்காரர் அன்று நின்ற இடத்தில் இன்று லேப்காரர் நிற்கிறார்.

ஃபிலிம் காலத்து இருட்டறையில் வேலை செய்தவர்களுக்கும் இந்தச் சங்கடம் நன்கு தெரிந்ததே. டெவலப்பரிலிருந்தும் ஹைப்போவிலிருந்தும் எடுத்த ஈரப் பிரதியை, மங்கலான சிவப்பு வெளிச்சத்திலிருந்து வெளியே கொணர்ந்து, பார்வைக்காக வைத்திருக்கும் வெள்ளை விளக்கின் கீழ்ப் பிடிப்பார்கள். அந்த விளக்கு மிகவும் வலுவாக இருந்துவிட்டால், பிரதியின் நிழல்கள் யாவும் தெளிவாகத் தெரியும். அதனால், இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்று தோன்றி எக்ஸ்போஷரைக் கூட்டிவிடுவார்கள். பகலில், சாதாரண வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால் படம் இருண்டு போயிருக்கும். ஈரமாக இருக்கையில் வெளிச்சமாகத் தெரிகிற பிரதி, காய்ந்த பிறகு ஒரு படி கறுத்துப் போகும் என்பது இன்னொரு தொல்லை. அமெரிக்காவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற ஆன்ஸல் ஆடம்ஸ், இந்த மாறுதலை ஊகத்துக்கு விடாமல், பரீட்சைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பிலே காய வைத்து, காய்ந்த நிலையிலேயே தீர்மானிக்க வேண்டும் என்று சொன்னார். அச்சுக் கலையில் அவரைக் காட்டிலும் தேர்ந்த கண் படைத்தவர் அரிது. அப்படிப்பட்டவரே தம் கண்ணை நம்பாமல் உபாயம் தேடினார். இருட்டறையில் பார்வை விளக்கு வகித்த ஸ்தானத்தை இன்று மானிட்டரின் பின்னொளி வகிக்கிறது. அந்த விளக்கைப் பற்றிய எச்சரிக்கைகள் எல்லாம் இதற்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

எனில் எவ்வளவு பிரகாசம் வைத்துக்கொள்வது? படங்களை அச்சிடுகிறவர்களிடையே 80 முதல் 120 கேண்டெலா வரை என்பது நெடுநாள் வழக்கம். ஹ்யூலட் பேக்கார்டு, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 1996இல் முன்மொழிந்து, 1999இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற வெளி, மங்கலான அறை ஒன்றில் 80 கேண்டெலா ஒளிர்வுள்ள திரையையே ஆதாரமாகக் கொண்டது. அச்சுப் பிரதிகளைப் பார்க்க வேண்டிய வெளிச்சத்தைப் பற்றிய ஐ.எஸ்.ஓ. 3664 என்ற தரமோ, நுணுகி ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸும், சாதாரணமாகப் பார்த்து மதிப்பிடுவதற்கு 500 லக்ஸும், இரண்டுக்கும் டி 50 எனப்படும் 5000 கெல்வின் வெள்ளையும் விதிக்கிறது. 2000 லக்ஸில் வைத்த தாள் 500 கேண்டெலாவையும் தாண்டி ஒளிரும் என்பதிலிருந்தே, திரையின் பிரகாசத்துக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது என்பது தெளிவாகும். எந்த வெளிச்சத்தில் படம் பார்க்கப்படப் போகிறதோ, அந்த வெளிச்சத்திலிருக்கும் தாளுக்குத் திரை சமமாக வேண்டும். அறையில் திரை விளக்காகத் தோன்றக் கூடாது. விளக்கின் கீழ் வைத்த தாளாகத் தோன்ற வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்பவர்களுக்கு, சாதாரண வீட்டு அறையாக இருந்தால் 100 கேண்டெலாவில் தொடங்கி, முதல் அச்சைப் பார்த்துவிட்டு, அதன்படி மேலேயோ கீழேயோ நகருங்கள் என்று சொல்வது வழக்கம்.

அந்த 100 கேண்டெலாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி நியாயமானது. மானிட்டரின் பட்டியலில் உள்ள எண்களுக்கும் கேண்டெலாவுக்கும் சம்பந்தமே இல்லை. திரையில் ஒட்டி வைத்து அளக்கிற காலிபிரேஷன் கருவி கையில் இருந்தால் பிரச்னை இல்லை. இல்லாதவர்கள் தங்கள் காமிராவையே அளவுகோலாகக் கொள்ளலாம். திரை முழுதும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை விளக்கை அணைத்து, காமிராவை மேனுவல் நிலையில் ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 4 என்று வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளை மட்டுமே சட்டகத்தை நிறைக்கும்படி அருகே பிடித்து, மீட்டரின் முள் நடுவில் நிற்கிற வரை ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலான காமிராக்களின் மீட்டர் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அந்தக் கணக்குப்படி, முள் நடுவில் நிற்கும்போது வேகம் 1/50 வினாடியாக இருந்தால் திரை சுமார் 100 கேண்டெலாவில் இருக்கிறது. 1/40 என்றால் 80. 1/60 என்றால் 120. 1/160 என்று காட்டினால் திரை 320 கேண்டெலாவில் எரிகிறது என்று அறிந்துகொள்ளலாம். லென்ஸுக்கு லென்ஸ் சிறிது வேறுபடுமாகையால் இதைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் 300க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தை ஐயமறக் காட்டிக்கொடுக்க இது தாராளமாகப் போதும்.

இதைக் காட்டிலும் எனக்குப் பிரியமான முறை, முன்பு சொன்னபடி, தாளையே சாட்சியாக அழைப்பதுதான். அதற்கு முதலில் ஓர் அச்சு வேண்டும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த, மனித முகமும் வெள்ளைத் துணியும் கறுத்த தலைமுடியும் சாம்பல் நிறமும் உள்ள படம் ஒன்றை, எந்தத் திருத்தமும் செய்யாமல், லேபில் உள்ள தானியங்கித் திருத்தத்தையும் நிறுத்தி வைக்கச் சொல்லி, சிறிய அளவில் அச்சிட்டு வாங்குங்கள். தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்வது முக்கியம். அது வேலை செய்தால், கோப்பில் உள்ளது ஒன்றும் தாளில் வருவது ஒன்றுமாகி, ஒப்பிடுவதற்கே ஆதாரம் இல்லாமல் போய்விடும். பிறகு அந்த அச்சை, அது தொங்கப் போகிற வெளிச்சத்துக்கு ஒப்பான வெளிச்சத்தில் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்து, திரையில் அதே கோப்பைத் திறந்து, இரண்டும் ஒத்து வருகிற வரைக்கும் மானிட்டரின் பிரகாசத்தை மட்டும் மாற்றுங்கள். கோப்பைத் தொடவே கூடாது. வெள்ளை ஒத்து, முகம் ஒத்து, கறுப்பு மட்டும் திரையில் சற்று ஆழமாகத் தெரிந்தால், அதுவே சரியான இடம். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அதன் பிறகு எவர் வந்து திரை மங்கலாயிருக்கிறது என்று சொன்னாலும் மாற்றாமலிருங்கள். முதல் சில நாட்கள் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தோன்றும், பழகிவிடும்.

காலிபிரேஷன் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலாகச் செய்கிறவர்கள் அதை வாங்கிவிடுவது உத்தமம். பிரகாசத்தோடு வெள்ளையின் நிறத்தையும், காமா என்னும் இடைப்படிகளின் ஏற்றத்தையும், அது ஒருங்கே அளந்து, மானிட்டருக்கு ஒரு புரொஃபைலும் எழுதித் தருகிறது. கருவிகளோடு வரும் மென்பொருளுக்குப் பதிலாக, ஆர்கில் என்னும் இலவச மென்பொருளையும் பயன்படுத்தலாம். அளப்பதற்கு முன் மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்திருக்க வேண்டும். பின்னொளி வருஷக் கணக்கில் தேய்ந்து குறைவதால், இன்று அளந்தது எப்போதைக்கும் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. ஆனால் கருவியை வாங்கி, அது கேட்கிற இடத்தில் பிரகாசத்துக்கு என்ன எண் கொடுப்பது என்று யோசிக்காமல் அதிலுள்ள எண்ணையே ஏற்றுக்கொண்டவர்களுடைய அச்சுகளும் கருத்தே வருகின்றன. கேட்ட எண்ணைக் கருவி அடைந்து காட்டும், எந்த எண் வேண்டும் என்பதை அறையைப் பார்த்து நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அறையை ஒழுங்கு செய்யாமல் திரையை மட்டும் ஒழுங்கு செய்வது வீண் பிரயத்தனம். காலையில் கிழக்கு ஜன்னல் வெயிலிலும், இரவில் விளக்கை அணைத்துவிட்டும், ஒரே திரையில் ஒரே படத்தைத் திருத்துகிறவர், இரண்டு வேளையும் இரண்டு வேறு கண்களோடு உட்காருகிறார். சுற்றுப்புறம் இருண்டிருந்தால் நிழல்கள் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும் என்பது கண்ணைப் பற்றிய சாஸ்திரத்தில் நிலைநாட்டப்பட்ட உண்மை. ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டு, வேலை செய்யும் நேரமெல்லாம் ஒரே விளக்கை எரியவிட்டு, அந்த ஒளி மானிட்டரின் முகத்தில் நேரே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவர் வெளிர்ச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருப்பது நல்லது. நம் வீடுகளில் பிரியமாகப் பூசுகிற பச்சையும் ரோஜா நிறமும் படத்தின் நிறத்தைப் பற்றிய தீர்ப்பைக் கெடுக்கும். கணினியும் கைபேசியும் மாலை வேளையில் தாமாகவே திரையை மஞ்சளாக்குகிற ஏற்பாட்டையும், அறை வெளிச்சத்துக்கேற்பப் பிரகாசத்தைத் தாமே மாற்றிக்கொள்கிற ஏற்பாட்டையும், திருத்த வேலையின்போது நிறுத்திவிட வேண்டும்.

விளக்கின் தரத்தைப் பற்றியும் நம்மவர்களுக்குப் பரம்பரை ஞானம் உண்டு. ஜவுளிக்கடையில் பட்டுச் சேலை எடுக்கிற பெண்கள், கடைக்காரர் எத்தனை விளக்குகளைப் போட்டுக் காட்டினாலும், சேலையை வாசலுக்குக் கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் நிறத்தை நிச்சயிக்கிறார்கள். மயில்கழுத்து நிறமும் அரக்கு நிறமும் விளக்குக்கு விளக்கு மாறும் என்பதை அவர்கள் அறிவார்கள். அச்சையும் அவ்வாறே, மலிவான எல்.இ.டி. பல்பின் கீழே மட்டும் பார்த்துவிட்டுக் குற்றம் சொல்லக் கூடாது. நிறங்களை உள்ளபடி காட்டும் நல்ல விளக்கிலோ, நேர் வெயில் படாத ஜன்னலோரத்திலோ ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்ய வேண்டும்.

அளவெல்லாம் சரியாக வைத்த பிறகும், தாளும் திரையும் முழுக்க ஒன்றாகிவிடா. சாதாரண மானிட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று. நல்ல கிளாஸி தாளில் அது சுமார் இருநூறுக்கு ஒன்று. மேட் தாளிலோ நாற்பதுக்கு ஒன்றுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. தாராசுரத்துத் தூணின் படிகள் மேட் தாளில் அவ்வளவு சுலபமாக மடிந்து போனதற்கு இதுவும் உடந்தையான காரணம். இந்த வேற்றுமையை முன்கூட்டியே காண்பதற்கு, அந்தத் தாளுக்கும் அந்த மைக்கும் உரிய ஐ.சி.சி. புரொஃபைலை லேபிடமிருந்தோ தாள் நிறுவனத்திடமிருந்தோ பெற்று, ஃபோட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ சாஃப்ட் ப்ரூஃப் என்ற வசதியில் படத்தைப் பார்க்கலாம். தாளின் வெள்ளையையும் பாவனை செய்துகாட்டும்படி அதில் கேட்டால், படம் சட்டென்று உயிரிழந்து வெளிறினாற்போலத் தோன்றும்; அதைக் கண்டு கலங்காமல், திரையில் உள்ள வேறு வெள்ளைகளை எல்லாம் மறைத்துவிட்டுப் பார்த்தால், தாளில் வரப்போவதற்கு மிக நெருங்கிய காட்சி அதுவே என்பது புலப்படும். ஆனால் பிரகாசம் சரியாக இல்லாத மானிட்டரில் சாஃப்ட் ப்ரூஃப் பார்ப்பதால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை.

சிலர் இன்னொரு வழியைக் கைக்கொள்கிறார்கள். திரையைப் பிரகாசமாகவே வைத்துக்கொண்டு, அச்சுக்கு அனுப்பும்போது மட்டும் கோப்பின் வெளிச்சத்தை ஒரு குத்துமதிப்பாக உயர்த்தி அனுப்புகிறார்கள். லைட்ரூமின் அச்சுப் பகுதியில் இதற்கென்றே ஒரு வசதியும் இருக்கிறது. ஆனால் இந்த வழியில், ஒரு படத்துக்கு ஒத்துவந்தது இன்னொரு படத்துக்கு ஒத்துவராது. நிழலைக் காப்பாற்ற உயர்த்தினால், மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டியில் இருக்கும் ஜரிகையும் மடிப்பும் வெளுத்துப் போய்விடுகின்றன. லேபை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஊகிக்க வேண்டும். மங்கலான இடத்தில் தொங்கப் போகிற ஒரு குறிப்பிட்ட படத்துக்காகச் சற்றே வெளிச்சம் கூட்டி அச்சிடுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. அது காரணம் அறிந்து செய்கிற காரியம். தவறான திரையைத் திருத்தாமலே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் வளைப்பது அவ்வாறானதன்று.

கல்யாண ஆல்பங்களை வடிவமைக்கிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். 12க்கு 36 அங்குல அளவில் அத்தனை தாள்களையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், அதிகாலை முகூர்த்தத்தின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த ஒன்று, அரக்குப் பட்டுடுத்த மணப்பெண்ணின் படம் ஒன்று, இருண்ட பின்னணியில் கறுத்த தலைமுடி தெரிய வேண்டிய ஒன்று ஆகியவற்றைச் சிறிய அளவில், அதே லேபில், அதே வகைத் தாளில் அச்சிட்டு வாங்கி, மானிட்டரை அதற்கு ஒப்பிட்டுச் சரி செய்துகொள்ளுங்கள். நம் மக்களின் மாநிறமும் கருநிறமும் அழகாக வருவதும், சேறு படிந்தாற்போல வருவதும் அந்த ஒன்றரை ஸ்டாப்பில்தான் இருக்கின்றன. அதற்கு ஆகிற செலவு, ஆல்பத்தின் ஒரு தாளுக்கு ஆகிற செலவைவிடக் குறைவு.